குணசேகரன் கெட்டவனா?

ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். திருத்துறைப்பூண்டியில் என் நண்பரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எதிர் வீட்டு வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்த பாட்டி திடீரென்று எழுந்தார். "ஐயையோ, அந்தப் பாவி வந்திருப்பானே!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார்.

திருடனோ, கடன்காரனோ என்று நானும் பதறி எழுந்துவிட்டேன். நண்பர் சிரித்தார்.

"உட்காரப்பா! அவன் தினமும் இந்த நேரத்துக்குத்தான் வருவான். அரை மணியிலே போயிடுவான்."

"யார்?"

"ஆதி குணசேகரன்!"

இது நடந்தது 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில். சென்ற வாரம் எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "முன்னெல்லாம் நாடகத்தில் நல்லவன் நல்லவனாக இருந்தான், கெட்டவன் கெட்டவனாக இருந்தான். இப்போது தொலைக்காட்சித் தொடர்களில் யார் எவன் என்றே தெரியவில்லையே! அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுமேன்" என்றார். எனக்கு உடனே அந்தத் திருத்துறைப்பூண்டி வீடுதான் ஞாபகத்துக்கு வந்தது. காரணம், அன்று ராத்திரி அந்த வீட்டில் நான் பார்த்தது ஒரு நாடகம் அல்ல, இரண்டு நாடகங்கள்.

அப்போது சன் தொலைக்காட்சியின் 'எதிர்நீச்சல்' தமிழ்நாட்டு வீடுகளை ஒரு கலக்குக் கலக்கிக்கொண்டிருந்தது. முன்பு 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் இதையும் இயக்கினார். 2022-இல் ஆரம்பித்து 2024 வரை ஓடியது. பார்க்காத வாசகர்களுக்குக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பக்கத்தில் ஒரு பணக்காரக் கூட்டுக் குடும்பம். அண்ணன் தம்பி நால்வரில் மூத்தவன் ஆதி குணசேகரன். வீட்டு மருமகள்கள் எல்லோரும் படித்தவர்கள். படித்த பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து, அந்தப் படிப்பைச் சமையலறையில் வைத்துப் பூட்டிவிடுவது அந்த வீட்டுச் சம்பிரதாயம். கடைசி மருமகளாக வந்த ஜனனி அந்தப் பூட்டைத் தட்டிப் பார்க்கிறாள். அப்பத்தாவின் பெயரில் இருக்கும் 40 சதவீதச் சொத்து யாருக்கு என்ற வழக்கும் சேர்ந்துகொள்கிறது. அப்புறம் கேட்க வேண்டுமா? நித்தம் ஒரு பிரளயம்தான்!

குணசேகரனாக நடித்தவர் ஜி. மாரிமுத்து. தேனி மாவட்டத்துக்காரர். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' ஆகிய திரைப்படங்களை இயக்கியவர். பல வருஷம் சினிமாவில் இருந்தும் கிடைக்காத பெயர், இந்த ஒரே ஒரு கெட்டவன் வேஷத்தில் அவருக்குக் கிடைத்தது.

எதிர் வீட்டுப் பாட்டி ஓடியதைப் பார்த்து நாங்களும் உள்ளே போனோம்.

*

நண்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் படித்து முடித்தேன். அவர் பாதியில் நின்றுவிட்டார். இரண்டாம் வருஷத்தில் தகப்பனார் காலமானார். வீட்டில் தாயார், இரண்டு தங்கைகள், பத்து மா நிலம். பத்து மா என்றால் அரை வேலி. ஏக்கர் கணக்கில் மூன்றேகாலுக்குக் கொஞ்சம் மேல். அதுவும் கடைமடை. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் ஊர் ஊராக விருந்து சாப்பிட்டுவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் கடைசியில் வந்து எட்டிப் பார்க்கிற இடம்.

அந்தப் பத்து மாவை வைத்துக்கொண்டு நண்பர் இரண்டு தங்கைகளையும் கரையேற்றினார். சீர், வளைகாப்பு, மருமக்களுக்குக் காதுகுத்து என்று தாய்மாமன் முறை எதிலும் குறை வைக்கவில்லை. இரண்டாவது தங்கையின் கழுத்தில் தாலி ஏறிய பிறகுதான் தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். 2018 நவம்பரில் கஜா புயல் கொல்லைத் தென்னைகளை வேரோடு சாய்த்தது. அந்த 2023-இல் மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதியே திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் போதவில்லை, குறுவை காய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் மனுஷர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும், "அண்ணன்னா அப்படி இருக்கணும்" என்பார்கள்.

கூடத்தில் நண்பரின் தாயார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றார். மன்னார்குடியில் வாழ்க்கைப்பட்ட சின்னத் தங்கை அன்றுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே அலமாரியில் ஒரு பச்சைக் காகித உறை இருந்தது. அதை அப்போது நான் கவனித்தேனே தவிர, அது என்னவென்று கேட்கவில்லை.

திரையில் குணசேகரன் வந்தான். அவன் எப்போதும் கத்துவதில்லை, அதுதான் விசேஷம். பந்தியில் உட்கார்ந்தவன் உப்புக் கேட்பதுபோல, அவ்வளவு சாதாரணமாக வீட்டுப் பெண்களை மட்டம் தட்டினான்.

"பாழாய்ப் போறவன்! வீட்டுக்கு வந்த மகாலெட்சுமிகளை இந்தப் பாடு படுத்துறானே, வெளங்குவானா?" என்றார் தாயார்.

நிலைப்படியில் நின்ற மருமகள் சிரித்தார். அவர் பி.எட். படித்தவர். "அத்தை, போன மாசம் நான் பள்ளிக்கூட வேலைக்குப் போறேன்னு கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"அது வேற, இது வேற" என்றார் தாயார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

விளம்பரம் வந்தது. தாயார் என் பக்கம் திரும்பினார். "ஆனா தம்பி, ஒண்ணு சொல்லணும். திட்டுறோமே தவிர, அவன் ஒருத்தன் இல்லேன்னா அந்தத் தம்பிங்க எல்லாம் இன்னிக்கு ஆளாயிருப்பானுவளா? குடும்பத்தைக் கட்டிக் காத்தவன் அவன்தானே? அதையும் சொல்லணும்ல?"

"ஆளாக்கினா, ஆளையே எழுதி வாங்கிக்கலாமா அம்மா?" என்றாள் சின்னத் தங்கை.

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கூடத்தில் ஒரு நிசப்தம் விழுந்தது. நண்பர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். அந்தப் பச்சை உறையில் இருந்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

*

அது விடுதலைப் பத்திரம். 'என் தகப்பனார் சொத்தில் எனக்குள்ள பாத்தியதையை என் தமையனாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்' என்று பெண் பிள்ளைகள் எழுதிக் கையெழுத்துப் போடுகிற பத்திரம். மறுநாள் காலை ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போவதற்காகத்தான் தங்கையை வரவழைத்திருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டமே, தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், பெண்ணுக்கும் பங்கு கொடுத்தது. பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் அது இல்லை. 2005-இல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. 2005-க்கு முன்பே தகப்பன் இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சட்டம் இப்படித் தெளிவாக இருக்கிறது. வீடு அப்படி இல்லை.

அண்ணன் பக்கத்து நியாயத்தைக் கேளுங்கள். நிலம் தகப்பனார் பெயரிலேயே கிடக்கிறது. பயிர்க் கடன் என்றாலும், வெள்ள நிவாரணம் என்றாலும், இன்ஷூரன்ஸ் என்றாலும் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊருக்கு ஓடித் தங்கைகளிடம் கையெழுத்து வாங்கவேண்டியிருக்கிறது. இரண்டு கல்யாணத்துக்கும் வாங்கிய கடனை அவர் ஒருவர்தான் அடைத்தார். உழைத்தது அவர், படிப்பை விட்டது அவர். நிலத்தை அவர் விற்றுத் தின்னப் போவதில்லை. பயிர் வைக்கத்தான் கேட்கிறார்.

தங்கை பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். அவள் கணவருக்கு வேலை போய்விட்டது. மூத்த பெண்ணை அடுத்த வருஷம் நர்ஸிங் படிப்பில் சேர்க்கவேண்டும். அண்ணன் நல்லவர்தான், ஆனால் அண்ணனுடைய நல்ல மனசை நம்பி ஒரு பெண்ணைப் படிக்கவைக்க முடியுமா? அவளுக்கு உரிமையாக இருப்பதை அவர் அன்பாகத்தான் கேட்கிறார். அந்த அன்பு இருப்பதாலேயே அவளால் மறுக்க முடியவில்லை. முரடனாக இருந்தால் முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

யார் நல்லவர்? யார் கெட்டவர்?

அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு நண்பர் திண்ணைக்கு வந்தார். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ பத்திரிகைக்காரன். நாலு இடம் பார்க்கிறவன். நீ சொல்லு, நானும் குணசேகரன்தானா? நான் எல்லாம் குடும்பத்துக்காகத்தானேப்பா செஞ்சேன்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

*

'குடும்பத்துக்காகத்தான்!' இந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். உலகத்திலுள்ள நாடகக் கெட்டவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

அமெரிக்காவில் 'டல்லாஸ்' என்று ஒரு தொடர் 1978 முதல் 1991 வரை நடந்தது. அதுவும் கூட்டுக் குடும்பக் கதைதான். நஞ்சை புஞ்சைக்குப் பதில் எண்ணெய்க் கிணறு! அதில் மூத்த பிள்ளை ஜே.ஆர். செய்யாத அக்கிரமம் இல்லை. 1980 மார்ச்சில் அவனை யாரோ சுட்டுவிட்டதாகக் காட்டித் 'தொடரும்' போட்டார்கள். சுட்டது யார் என்று நவம்பரில்தான் சொன்னார்கள். அதுவரைக்கும் அந்த நாடு முழுவதும் அதே பேச்சு. கெட்டவன் ஒழிந்தான் என்று ஜனங்கள் சந்தோஷப்பட்டார்களா? இல்லை, அவன் பிழைக்கவேண்டுமே என்று கவலைப்பட்டார்கள்!

பிறகு 2008-இல் 'பிரேக்கிங் பேட்' என்று ஒன்று வந்தது. ஒரு சாதுவான ரசாயன வாத்தியார். புற்றுநோய் என்று தெரிகிறது. தாம் போன பிறகு குடும்பம் என்ன செய்யும் என்று போதை மருந்து காய்ச்ச ஆரம்பிக்கிறார். ஐந்து பாகமும் 'குடும்பத்துக்காக' என்றே சொல்லிக்கொண்டு வருகிறார். 2013-இல் கதை முடிகிற சமயத்தில் மனைவியிடம் உண்மையை ஒப்புக்கொள்கிறார்: எல்லாம் தமக்காகத்தான் செய்தாராம், அதில் அவருக்கு ஒரு ருசி இருந்ததாம். கொலைகள் நிறைந்த அந்தத் தொடரில், என்னைக் கேட்டால், மிகவும் பயங்கரமான காட்சி அதுதான். ஏனென்றால் அங்கே துப்பாக்கி இல்லை. ஒரு மனிதன் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறான்.

"இதெல்லாம் மேல்நாட்டு மோகம், நம் ஊரில் தர்மம் அதர்மம் என்று பிரித்துத்தான் நாடகம் போட்டார்கள்" என்று சில பெரியவர்கள் சொல்வதுண்டு. அது வாஸ்தவமல்ல. வேறு எங்கும் போகவேண்டாம், இந்தக் காவிரிக் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் மெலட்டூரில் வருஷா வருஷம் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கிறது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய 'பிரகலாத சரித்திரம்' அதில் முக்கியமானது. ஆண்களே பெண் வேஷமும் கட்டி, விடிய விடிய ஆடுகிறார்கள். பிரகலாதன் நல்லவன், இரணியன் கெட்டவன். சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மனசைப் பிழிகிறவள் யார்? லீலாவதி! ஒரு பக்கம் கணவன், ஒரு பக்கம் பெற்ற பிள்ளை. அவள் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாவம் காத்திருக்கிறது. தூண் பிளந்து நரசிம்மம் வந்தால் பிரகலாதனின் கஷ்டம் தீர்ந்துவிடும். லீலாவதிக்கு அது ஆறுதலா? அவள் தாலியல்லவா அறுகிறது!

அடுத்தது திருவாரூர். இங்கிருந்து ஒரு மணி நேரப் பிரயாணம்கூட இல்லை. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம்.ஆர். ராதா ஊர் ஊராக நடித்த நாடகம் 'ரத்தக் கண்ணீர்'. 1954-இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாகவும் வந்தது. சீமையிலிருந்து திரும்பிய மோகனசுந்தரம் பெற்ற தாயை அவமதிக்கிறான். கட்டிய மனைவியைத் தள்ளிவிட்டுத் தாசி காந்தாவிடம் போகிறான். பணம் போய், நோய் வந்து, பிச்சை எடுக்கிறான். நோயைப் பாவத்துக்குத் தண்டனையாகக் காட்டியதை இன்று ஏற்க முடியாது; குஷ்டரோகம் ஒரு கிருமியால் வருவது, மருந்தால் குணமாவது. அது நிற்க, அந்த மோகனசுந்தரத்தின் பேச்சை யாராவது வெறுத்தார்களா? கைதட்டினார்கள்! நல்லவர்கள் சொல்லப் பயந்த நிஜங்களை எல்லாம் அந்தக் கெட்டவன் வாயில் வைத்திருந்தார் தங்கராசு. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்போதுதான், 'நாம் யாருக்குக் கைதட்டினோம்?' என்று ஜனங்கள் யோசித்திருப்பார்கள்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். நன்னிலத்துக்குப் பக்கத்தில் நல்லமாங்குடியில் 1930-இல் பிறந்தவர். 1949-இல், திருத்துறைப்பூண்டிக்கு அடுத்தாற்போல் இருக்கிற முத்துப்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தவர். பிறகு சென்னையில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸ் குமாஸ்தாவாகி, மாலை வேளைகளில் மேடை நாடகம் போட்டவர். கே. பாலசந்தரைத்தான் சொல்கிறேன்.

அவருடைய 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தை நினைத்துப் பாருங்கள். 1966-இல் படமாகவும் வந்தது. கண்ணிழந்த ஒரு ராணுவ மேஜர் வீட்டில் ஒரு கொலைகாரன் வந்து ஒளிந்துகொள்கிறான். தன் தங்கையைக் கெடுத்துச் சாகவிட்டவனைப் பழி வாங்கியவன் அவன். மேஜருக்கு அவன் மேல் பிரியம் உண்டாகிறது. செத்தவன் யார்? மேஜருடைய சொந்தப் பிள்ளை! இப்போது கண்ணில்லாத அந்த மனிதர் தராசைப் பிடித்து நிற்கிறார். எந்தத் தட்டில் எதைப் போடுவார்?

தொலைக்காட்சி வந்ததும் பாலசந்தர் அதையும் விடவில்லை. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி ஆரம்பமானது. பிற்காலத்தில் அதில் அவருடைய 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' ஆகியவை வந்தன. 'கையளவு மனசு' பார்த்தவர்களுக்கு அந்தத் தாயை மறக்க முடியாது. தனக்கு ஆயுசு அதிகமில்லை என்று தெரிந்ததும், தான் பெற்ற பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் ஒப்படைக்கத் துணிகிறாள். ஒரு தாய் செய்கிற காரியமா இது? அல்லது தாய் மட்டுமே செய்யக்கூடிய காரியமா? அந்த நாளில் வீட்டுக்கு வீடு இதே விவாதம்தான்.

*

அப்படியானால் இன்றைய தொடர்களில் வருகிற குழப்பமெல்லாம் உயர்ந்த கலையா? என்று கேட்பீர்கள். அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

தொடர் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். அரை மணியில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல். வாரத்துக்கு ஐந்து, ஆறு நாள். தினமும் முடிகிற இடத்தில் ஒரு 'ஐயோ!' வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வியாழக்கிழமை வந்துவிடும். கணக்குக் குறைந்தால் நல்லவனைக் கெட்டவனாக்குவார்கள். கெட்டவள் நடிப்பு ஜனங்களுக்குப் பிடித்துப்போனால் அவளைத் திடீரென்று நல்லவளாக்குவார்கள். நடிகர் வேறு படத்துக்குப் போய்விட்டால் கதாபாத்திரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை விஷம் வைத்த மாமியார் வெள்ளிக்கிழமை மருமகளுக்குத் தலை வாரிவிடுவாள். கேட்டால், "மனித மனம் விசித்திரமானது" என்பார்கள்!

நம் பத்திரிகைத் தொடர்கதைக்காரர்களும் இந்த விஷயத்தில் பரம யோக்கியர்கள் அல்ல. 'கதாநாயகியைக் கொன்றுவிடாதீர்கள்' என்று வாசகர் கடிதம் குவிந்ததும் வைத்தியரை வரவழைத்துப் பிழைக்க வைத்த கதைகள் உண்டு. ஆகவே நான் தொலைக்காட்சியை மட்டும் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பச்சோந்தி நிறம் மாறுவது வேறு. மயில் கழுத்தில் ஒரே சமயத்தில் பல நிறம் தெரிவது வேறு. இன்று நல்லவன், நாளைக்குக் கெட்டவன் என்று ஆளை மாற்றுவது முதல் ரகம். அதில் நமக்குக் கிடைப்பது பொழுதுபோக்கு. யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரே மனிதனிடம், ஒரே செயலில், அன்பும் அநியாயமும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதைக் காட்டுவது இரண்டாவது ரகம். அதைப் பார்க்கும்போது நாம் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிறோம். பிறகு, கொஞ்சம் தைரியம் இருந்தால், நம்மையே பார்த்துக்கொள்கிறோம்.

குணசேகரன் எந்த ரகம்? நூற்றுக்கணக்கான நாட்கள் ஓடிய தொடரில் எல்லா நாளும் இரண்டாவது ரகமாக இருக்க முடியாது. பல நாள் அவன் வெறும் பூச்சாண்டிதான். ஆனால் சில நாள், தான் குடும்பத்தைக் காப்பாற்றுவதாக அவன் மனப்பூர்வமாக நம்பிப் பேசுகிறபோது, மாரிமுத்துவின் முகத்தில் ஒரு நிஜம் தெரியும். அந்த நிஜம்தான் என் நண்பரைக் கொல்லைப் பக்கம் எழுந்து போகவைத்தது.

*

மறுநாள் காலை அவர்கள் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தங்கை மத்தியான பஸ்ஸில் மன்னார்குடி போய்விட்டாள். நான் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

அடுத்த மாதம், செப்டம்பர் 8-ஆம் தேதி காலையில், 'எதிர்நீச்சல்' தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்து, அவர் காலமான செய்தி வந்தது. தமிழ்நாடே திடுக்கிட்டது. நான் நண்பருக்குப் போன் செய்தேன்.

"காலையிலேருந்து அம்மா அழுதுகிட்டே இருக்காங்கப்பா" என்றார். "நித்தம் 'பாழாய்ப் போறவன்'னு திட்டினாங்களே, அதான் பலிச்சிடுச்சோன்னு மனசு கேக்கலையாம். பிறவி மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுட்டு வந்தாங்க."

வேஷத்தையும் மனிதரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத பாமர மனம் என்று இதைச் சிலர் சிரிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கெட்டவனை ஒன்றரை வருஷம் தினமும் திட்டிக்கொண்டே, அவன் மேல் இத்தனை பாசமும் வைத்திருக்க அந்த அம்மாளால் முடிந்திருக்கிறது. நல்லது கெட்டதைப் பற்றி நாமெல்லாம் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட அது பெரிய விஷயம் இல்லையா?

2024 பொங்கலுக்கு மறுபடி திருத்துறைப்பூண்டி போயிருந்தேன். சின்னத் தங்கை வந்திருந்தாள். தொலைக்காட்சிக்குக் கீழே பச்சை உறையைக் காணோம்.

நண்பரே விஷயத்தைச் சொன்னார். விடுதலைப் பத்திரம் இல்லை. அம்மா, இரண்டு தங்கைகள், அவர் ஆக நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனுப் போட்டிருக்கிறாராம். சாகுபடி அவர் பொறுப்பு. கடன் வாங்கத் தங்கைகள் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செலவு போக மிஞ்சினால், அறுவடைக்கு அறுவடை அவர்களுக்கும் பங்கு உண்டு.

"அப்போ எல்லாருக்கும் சந்தோஷம்தான்!" என்றேன்.

"எங்கேப்பா!" என்று சிரித்தார். "பெரிய தங்கச்சி, 'அண்ணன் சொத்திலே பங்கு கேட்டு மானத்தை வாங்கிட்டியே'ன்னு சின்னவளோடு பேசுறதில்லே. வீட்டிலே இவளுக்கு வருத்தம். 'இத்தனை வருஷம் வெயில்லே காய்ஞ்சது நீங்க, கடனுக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழட்டிக் கொடுத்தது நான். பங்குக்கு மட்டும் நாலு பேரா?'ன்னு கேக்கறா. அவ கேக்கறதும் தப்பில்லையே!"

எதிர்நீச்சல் மருமகள்களுக்காகத் தினமும் பரிந்து பேசின அதே மனைவிதான்! நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். அவர் பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்ன நாத்தனார் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

நண்பர் அன்று திண்ணையில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். குணசேகரனுக்கும் அவருக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். 'நான் கெட்டவனா?' என்று குணசேகரன் யாரையும் கேட்டதில்லை.

ராத்திரி ஒன்பதரை ஆனது. எதிர் வீட்டுப் பாட்டி வழக்கம்போல் உள்ளே ஓடினார். மாரிமுத்துவுக்குப் பிறகு குணசேகரன் வேஷத்துக்கு எழுத்தாளரும் நடிகருமான வேல. ராமமூர்த்தி வந்திருந்தார். மீசையும் அதட்டலுமாக நன்றாகத்தான் இருந்தார்.

"புதுக் குணசேகரன் எப்படி இருக்கார் அம்மா?" என்று நண்பரின் தாயாரைக் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இவரும் நல்லாத்தான் அதட்டுறார், தம்பி. ஆனா பாருங்க, அவர் அதட்டினா நம்ம வீட்டு ஆம்பளை அதட்டுற மாதிரியே இருக்கும்!"